கர்னியின் காரும் கண்ணாடிப் புள்ளியும்

பினாங்குக்குச் சுற்றுலா போகும் குடும்பங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. காலையில் தண்ணீர்மலை முருகன் தரிசனம். பகலில் கொடிமலை இரயில். பொழுது சாய்ந்தால் கர்னி டிரைவ். கடற்காற்று வாங்கிக்கொண்டே ஒரு தட்டு பசெம்போர், ஒரு கிண்ணம் லக்சா. வயிறும் மனமும் நிறைந்து வீடு திரும்புவார்கள். அந்த நேரத்தில் வீட்டுப் பிள்ளை ஒன்று, "அப்பா, யார் இந்தக் கர்னி?" என்று கேட்டுவிட்டால்தான் சங்கடம். பதில் தெரிந்த அப்பாக்கள் குறைவு.

சர் ஹென்றி கர்னி, மலாயாவின் பிரிட்டிஷ் உயர் ஆணையராக 1948-இல் பொறுப்பேற்றவர். அது அவசரகாலம். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள், நாட்டுக்குள் ஊரடங்கு, தோட்டப்புறங்களில் பயம். 1951 அக்டோபர் 6, சனிக்கிழமை. மனைவியோடும் தனிச் செயலாளரோடும் கோலாலம்பூரிலிருந்து பிரேசர் மலைக்குக் காரில் போய்க்கொண்டிருந்தார். வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதை. திருப்பம் ஒன்றில் பதுங்கியிருந்த கெரில்லாக்கள் சுட்டார்கள். கர்னி கதவைத் திறந்து இறங்கி, சாலையோரத்தை நோக்கி நடந்தார். அங்கேயே குண்டடிபட்டு விழுந்தார். காருக்குள் படுத்துக்கொண்ட மனைவியும் செயலாளரும் உயிர் பிழைத்தார்கள். கர்னியைக் குறிவைத்து அந்தப் பதுங்கல் நடக்கவில்லை, அவர் அந்த வழியாக வந்தது தற்செயல் என்று கம்யூனிஸ்டுத் தலைவர் சின் பெங் 2003-இல் வெளிவந்த தம் நினைவுநூலில் எழுதினார். எது எப்படியோ, மறு ஆண்டே பினாங்கின் புதிய கடற்கரைச் சாலைக்குக் கர்னியின் பெயர் வைக்கப்பட்டது.

அந்தப் பயணத்தில் அவர் ஏறிவந்த வாகனம் ஒரு ரோல்ஸ் ராய்ஸ். பினாங்கு மாநில அருங்காட்சியகத்துக்குப் போன பழைய தலைமுறையினர் அதைக் கண்டிருப்பார்கள். ஜார்ஜ்டவுன், பார்குவார் சாலையில் ஒருகாலத்தில் பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் இயங்கிய கட்டடத்தில் 1965-இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகம் அது. ‘கர்னி சுடப்பட்ட கார்’ என்றுதான் அந்த ரோல்ஸ் ராய்ஸ் தலைமுறை தலைமுறையாகப் பார்வையாளர்களுக்கு அறிமுகமாகியிருக்கிறது.

அந்தக் காரின் முன்னால் நிற்கும் எந்தப் பிள்ளைக்கும் முதலில் எழும் கேள்வி ஒன்றுதான். "இது அதே காரா?"

கேள்வி சின்னது. பதில் சின்னதல்ல. ஏனென்றால் அதற்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. அன்று மலைப்பாதையில் போன கார் இதுதானா என்பது ஒன்று. இதில் இருக்கும் கண்ணாடியும் விளக்கும் எஞ்சினும் தொழிற்சாலையில் பூட்டியவைதானா என்பது இன்னொன்று. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பழைய கார் உலகத்தில் இத்தனை சண்டைகள், இத்தனை வழக்குகள்.

இரும்புக்கும் பிறந்தநாள் உண்டு

மனிதருக்குப் பிறப்புப் பத்திரம் இருப்பதுபோல் காரின் உறுப்புகள் பலவற்றுக்கும் பிறந்த தேதி உண்டு. தொழிற்சாலைகள் அதைப் பெருமைக்காகப் பொறிக்கவில்லை. ஒரு நாள் வார்த்த இரும்பில் கோளாறு வந்தால், அதே நாளில் வார்த்த மற்றவற்றைத் தேடிப் பிடிக்க வேண்டுமே! அதற்காகப் பொறித்தார்கள். பிற்காலத்தில் அதுவே சரித்திரச் சாட்சியாகும் என்று அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்சின் பிளாக்குகளைப் பாருங்கள். மாதத்துக்கு ஓர் ஆங்கில எழுத்து. ஏ என்றால் ஜனவரி, பி என்றால் பிப்ரவரி, இப்படியே எல் என்றால் டிசம்பர். அடுத்து நாள், அதற்கடுத்து ஆண்டின் கடைசி இலக்கம். ‘ஜி 18 7’ என்று வார்ப்பில் புடைத்திருந்தால் ஜூலை 18, ஏழில் முடியும் ஆண்டு. ஃபோர்டு வேறு வரிசையில் எழுதும். முதலில் ஆண்டு, பிறகு மாத எழுத்து, கடைசியில் நாள். அங்கே ‘ஐ’ என்ற எழுத்தே கிடையாது. பார்ப்பவர் அதை ஒன்று என்ற எண்ணாக நினைத்துவிடுவார் என்பதால் எட்டாம் மாதமான ஹெச்-சிலிருந்து ஒன்பதாம் மாதமான ஜே-வுக்குத் தாவிவிடுவார்கள்.

பிரிட்டிஷ் கார்களில் லூக்காஸ் நிறுவனத்தின் மின்சாமான்களே அதிகம். டைனமோ, டிஸ்டிரிபியூட்டர், ஸ்டார்ட்டர் மோட்டார் என்று பலவற்றின் உடம்பில் தேதி குத்தியிருக்கும். மாதமும் ஆண்டும் குத்துவது ஒரு வழக்கம். வாரமும் ஆண்டும் குத்துவது இன்னொரு வழக்கம். ‘8 51’ என்று இருந்தால் அது எட்டாம் மாதமா, எட்டாம் வாரமா என்று அந்தச் சாமானின் வழக்கம் அறிந்தவர்தான் சொல்ல முடியும். ‘40 51’ என்று இருந்தால் குழப்பமில்லை. நாற்பதாம் மாதம் என்று ஒன்று எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லையே!

கண்ணாடியின் கதை இன்னும் சுவையானது. இங்கிலாந்தின் டிரிப்ளெக்ஸ் நிறுவனக் கண்ணாடியில் ஒரு மூலையில் நிறுவனத்தின் பெயர் பொறித்திருக்கும். அந்த எழுத்துகளை ஒட்டிச் சின்னஞ்சிறு புள்ளிகள் இருக்கும். அழுக்கு என்று நினைத்துத் துடைப்பவர்களும் உண்டு. அது அழுக்கல்ல. எந்த எழுத்தை ஒட்டிப் புள்ளி நிற்கிறது என்று எண்ணிப் பார்த்தால் அந்தக் கண்ணாடி எந்த ஆண்டின் எந்தக் காலாண்டில் செய்யப்பட்டது என்று கணக்கிடலாம். ஆண்டின் கடைசி இலக்கம்தான் தெரியும். அது 1951-ஆ, 1961-ஆ என்பதைக் கண்ணாடியின் மற்ற அடையாளங்களைக் கொண்டுதான் முடிவு செய்ய வேண்டும்.

இதெல்லாம் பணக்காரர்களின் பொழுதுபோக்கு, நமக்கென்ன என்று யாரும் ஒதுங்க வேண்டியதில்லை. வீட்டு வாசலில் நிற்கும் காரின் டயரைப் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2315 என்றால் 2015-ஆம் ஆண்டின் இருபத்து மூன்றாம் வாரம். 2000-ஆம் ஆண்டு முதல் இப்படித்தான். புது டயர் என்று சொல்லிப் பல வருடம் கடையில் கிடந்ததை யாராவது தலையில் கட்டினால், அந்த நான்கு இலக்கம் காட்டிக்கொடுத்துவிடும்.

தேதி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

சாமானின் தேதியைப் படிப்பது முதல் படி. அதை எடைபோடுவதுதான் கலை. அதற்கு அடிப்படை எளிய உலக அறிவு. பிள்ளை பிறப்பதற்கு முன்பே பேரன் பிறக்க முடியாது. எஞ்சின் பிளாக் முதலில் வார்க்கப்படுகிறது. பிறகு கடைந்து துளையிடப்படுகிறது. பிறகு எஞ்சினாகப் பூட்டப்படுகிறது. கடைசியில்தான் காரில் ஏறுகிறது. தேதிகளும் இதே வரிசையில்தான் நடந்து வரவேண்டும்.

ஆகவே முதல் விதி: கார் தொழிற்சாலையை விட்டு வெளியேறிய நாளுக்குப் பின்னால் பிறந்த சாமான் எதுவும் தொழிற்சாலையில் பூட்டியதாக இருக்க முடியாது. ஒரே ஒரு நாள் பிந்தினாலும் முடியாது. இதில் வாதத்துக்கு இடமில்லை.

இரண்டாவது விதி: மிகவும் முந்திய தேதியும் கேள்விக்கு உரியது. அமெரிக்காவில் 1974-இல் தொடங்கப்பட்ட தேசியக் கார்வெட் புதுப்பிப்போர் சங்கம், அந்த வகைக் கார்களுக்கு மதிப்பெண் போடுவதில் பேர்பெற்றது. அங்கே எஞ்சின் போன்ற முக்கியச் சாமான்களின் தேதி, கார் உருவான நாளுக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. ஆனால் உலகத்துக் கார்களுக்கெல்லாம் இது வேதவாக்காகாது. வேகமாக விற்கும் காருக்கு வந்த சாமான் வாரக்கணக்கில் தீர்ந்துவிடும். ஆண்டுக்குச் சில நூறு மட்டும் செய்யும் நிறுவனத்தில் ஒரு விளக்கு அலமாரியில் நெடுநாள் உறங்கலாம்.

மூன்றாவது விதிதான் பலரும் மறப்பது. தேதி பொருந்துகிறது என்பதாலேயே அது அந்தக் காரின் சாமான் என்று ஆகிவிடாது. 1951 ஆகஸ்டில் செய்த டைனமோ ஒன்றல்ல, ஆயிரக்கணக்கில் இருக்கும். அதில் ஒன்றை இன்று பழைய இரும்புக் கடையில் வாங்கி 1951 அக்டோபர் காரில் பூட்டினால், தேதி கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் அது வந்தது வேறு காரிலிருந்து!

அதாவது, பிந்திய தேதி ‘இல்லை’ என்று அடித்துச் சொல்லும். பொருந்திய தேதி ‘இருக்கலாம்’ என்று மட்டுமே சொல்லும். பொய்யை உடைக்க ஒரு சாட்சி போதும். உண்மையை நிலைநாட்டப் பல சாட்சிகள் வேண்டும். நீதிமன்றத்தில் மட்டுமல்ல, பட்டறையிலும் இதுதான் நியதி.

அந்த மற்றச் சாட்சிகள் எவை? ஏடுகள். ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் விற்ற ஒவ்வொரு காரின் அடிச்சட்டத்துக்கும் தனி அட்டை எழுதி வைத்தது. பழைய கார்களின் அந்த அட்டைகள் இங்கிலாந்தில் ரோல்ஸ் ராய்ஸ் ஆர்வலர் சங்கத்தின் காப்பகத்தில் இன்றும் இருக்கின்றன. அடிச்சட்ட எண், எஞ்சின் எண், முதல் உரிமையாளர் என்று அதில் பார்க்கலாம். மோரிஸ், ஆஸ்டின் போன்ற கார்களுக்கு இங்கிலாந்தின் கேடன் என்ற ஊரிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் காப்பகம் ஏடுகளைப் பார்த்துச் சான்றிதழ் கொடுக்கிறது. ஏடும் இரும்பும் ஒரே கதையைச் சொன்னால் நம்பலாம். இரண்டும் வேறு வேறு பேசினால் விசாரிக்க வேண்டும்.

கடல் கடந்து வந்த கணக்கு

இங்கிலாந்துக் கணக்கை அப்படியே மலேசியாவுக்குக் கொண்டுவந்தால் தவறு நேரும். காரணம் கடல்.

இந்தப் பகுதியில் ஓடிய கார்களில் பல, முழுக் காராக வந்திறங்கியவை அல்ல. துண்டு துண்டாகப் பெட்டியில் வந்து இங்கே பூட்டப்பட்டவை. ஃபோர்டு நிறுவனம் 1926-லேயே சிங்கப்பூரில் கால் ஊன்றியது. புக்கிட் தீமாவில் 1941-இல் ஒரு தொழிற்சாலையும் திறந்தது. சில மாதங்கள் கழித்து 1942 பிப்ரவரி 15-இல் பிரிட்டிஷார் ஜப்பானியரிடம் சரணடைந்து கையெழுத்திட்டது அதே தொழிற்சாலையில்தான்! கார் பூட்டிய கூடத்தில் ஒரு சாம்ராஜ்யம் கழன்று விழுந்தது. பின்னர் 1960-களின் இறுதியில் ஷா ஆலமில் வால்வோ கார்கள் பூட்டப்பட்டன. மற்ற நிறுவனங்களும் தொடர்ந்தன.

பெட்டி கட்டிய நாள் வேறு, கப்பல் ஏறிய நாள் வேறு, துறைமுகத்தில் இறங்கிய நாள் வேறு, காராக எழுந்து நின்ற நாள் வேறு. எஞ்சினில் ஒரு தேதி, இங்கேயே வாங்கிப் பூட்டிய டயரில் இன்னொரு தேதி. இடையில் மாதங்கள் ஓடியிருக்கும். இதை அறியாதவர் ஆறு மாதக் கணக்கைப் பிடித்துக்கொண்டு, "இது ஒரிஜினல் இல்லை" என்று உண்மையான காரையே தள்ளிவிடுவார்.

தமிழர்களுக்கு நெருக்கமான இன்னொரு கணக்கும் உண்டு. சென்னைப் பாடியில் 1961-இல் லூக்காஸ் நிறுவனமும் டி.வி.எஸ். நிறுவனமும் சேர்ந்து லூக்காஸ் டி.வி.எஸ். என்ற தொழிற்சாலையைத் தொடங்கின. இங்கிலாந்தில் பிறந்த மின்சாமான்களுக்குப் பாடியில் தம்பிகள் பிறந்தார்கள். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் வம்சத்தில் வந்ததுதான் இந்தியாவின் அம்பாசிடர். இப்போது ஒரு கேள்வி. பாடியில் செய்த டைனமோ ஒரிஜினலா இல்லையா? இந்தியாவில் பாடிச் சாமானோடு பூட்டப்பட்டு வெளிவந்த அம்பாசிடரில் அது அசல். இங்கிலாந்தில் பூட்டிய மோரிஸ் காரில் அதே டைனமோ மாற்றுச் சாமான். சாமான் ஒன்றே, தரமும் ஒன்றே. ஆனால் ஒரு வீட்டில் அது சொந்தப் பிள்ளை, இன்னொரு வீட்டில் வந்த விருந்தாளி. ஆகவே ‘ஒரிஜினல்’ என்பது சாமானின் குணமல்ல. சாமானுக்கும் காருக்கும் உள்ள உறவு.

எண்ணையே பொய்யாக்கினால்?

எண்ணுக்கு விலை உண்டு என்று தெரிந்த பிறகு, எண்ணைத் தயாரிக்கும் ஆட்களும் தோன்றிவிட்டார்கள். தொழிற்சாலை எஞ்சின் உள்ள காருக்கும் மாற்று எஞ்சின் உள்ள காருக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். எனவே பழைய எண்ணைத் தேய்த்து அழித்துவிட்டுப் புதிய எண்ணைக் குத்துகிறார்கள்.

இதைக் கண்டுபிடிப்பவர்கள் எண்ணை மட்டும் படிப்பதில்லை, எண்ணைச் சுற்றியுள்ள தளத்தையும் படிக்கிறார்கள். தொழிற்சாலை இயந்திரம் இரும்பைச் சீவும்போது மெல்லிய இணைகோடுகள் விழும். உழுத வயலின் சால்போல அவை தெரியும். எண்ணைத் தேய்த்து அழித்தவர் அந்தக் கோடுகளையும் சேர்த்தே அழித்திருப்பார். தளம் கண்ணாடிபோல வழவழத்தால் சந்தேகம் வரும். எழுத்தின் வடிவம், இடைவெளி, குத்திய ஆழம் என்று ஒவ்வொன்றையும் கேள்விக்குறியாத அசல் கார்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். துருவும் சாட்சி சொல்லும். சுற்றுமுற்றும் ஐம்பது வருடத்து அழுக்கு, எண்ணில் மட்டும் நேற்றைய பளபளப்பு என்றால் யாருக்குத்தான் புரியாது?

மாற்றுச் சாமான் போடுவது குற்றமல்ல. பழையது உடைந்தால் புதியது போடத்தான் வேண்டும். போட்டதை மறைப்பதுதான் குற்றம். இந்த வேறுபாட்டை மனத்தில் நிறுத்திக்கொண்டால், உலகையே திரும்பிப் பார்க்க வைத்த ஒரு வழக்கு எளிதில் விளங்கும்.

நீதிமன்றம் ஏறிய பென்ட்லி

பிரான்சின் லெமான் நகரில் 24 மணிநேரக் கார்ப் பந்தயம் புகழ்பெற்றது. 1929-இலும் 1930-இலும் ஒரே பென்ட்லி கார் அதில் வென்றது. ‘ஓல்டு நம்பர் ஒன்’ என்று அதற்குச் செல்லப்பெயர். இரண்டு முறையும் ஓட்டிய ஜோடியில் ஒருவர் உல்ஃப் பர்னாட்டோ. பந்தயக் கார் என்றால் ஒவ்வொரு பந்தயத்துக்கும் கழற்றி மாட்டுவதுதானே வாழ்க்கை? 1932-இல் வேறு அடிச்சட்டமும் பெரிய எட்டு லிட்டர் எஞ்சினும் அதற்கு வந்தன. அந்த ஆண்டு புருக்லேண்ட்ஸ் பந்தயத்தில் விபத்து. ஓட்டிய கிளைவ் டன்ஃபி உயிரிழந்தார். கார் மீண்டும் சீர்செய்யப்பட்டது.

பல பத்தாண்டுகள் கழித்து அந்தக் காரை ஒரு கோடி பவுண்டுக்கு விற்க ஒப்பந்தம் போட்டார் அதன் உரிமையாளர். வாங்க வந்த நிறுவனம் பின்வாங்கியது. "லெமானில் வென்ற காரின் சாமான் இதில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. இது எப்படி அந்தக் கார் ஆகும்?" என்பது அதன் வாதம். 1990-இல் இலண்டன் உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஆட்டன் தீர்ப்பளித்தார்.

அவர் சொன்னதன் சாரம் இதுதான். இந்தக் காரை ‘ஒரிஜினல்’ என்று அழைக்க முடியாது. பந்தயத்தில் ஓடிய சாமான்கள் மிகச் சிலவே மிஞ்சியிருக்கின்றன. ஆனால் ஒருநாள் திடீரென்று எங்கிருந்தோ முளைத்த போலியும் அல்ல. ஒவ்வொரு மாற்றமும் ஓடிக்கொண்டிருந்த அதே காரின் மீது, ஒன்றன்பின் ஒன்றாக நடந்தது. சங்கிலி எங்கும் அறுபடவில்லை. ஆகவே அது உண்மையான ‘ஓல்டு நம்பர் ஒன்’தான். உரிமையாளர் வென்றார்.

இந்தத் தீர்ப்பில் ஒரு பெரிய தெளிவு இருக்கிறது. சாமான் அசலா என்பது தேதி எண் பதில் சொல்லும் கேள்வி. கார் அதுதானா என்பது வரலாறு பதில் சொல்லும் கேள்வி. ஒன்றுக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தாலும் மற்றதற்கு ‘ஆம்’ என்று வரலாம்.

குண்டு துளைத்த கார்களை எப்படிப் படிப்பது?

இப்போது பினாங்கு ரோல்ஸ் ராய்ஸுக்குத் திரும்புவோம். கார்க் கண்காட்சி நடுவர் ஒருவர் கையில் டார்ச் விளக்கோடு அதைச் சுற்றிவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கண்ணாடியின் மூலையில் புள்ளியைப் பார்க்கிறார். அது 1951 அக்டோபருக்குப் பிந்திய கண்ணாடி என்று தெரிகிறது. அவர் கையேட்டின்படி அது குறை. மதிப்பெண் குறையும்.

ஆனால் அதே கண்ணாடியை ஒரு சரித்திர ஆசிரியர் பார்த்தால் என்ன சொல்வார்? "இது கிடைத்தற்கரிய சான்று" என்பார். சுடப்பட்ட ஒரு காருக்கு, சுடப்பட்ட நாளுக்குப் பின்னால் பிறந்த கண்ணாடி இருப்பதுதானே இயற்கை! உடைந்தது, மாற்றினார்கள், வண்டி மறுபடி ஓடியது என்று அந்தப் புள்ளி சொல்கிறது. மாறாக, எல்லாக் கண்ணாடியும் தொழிற்சாலைத் தேதியோடு கீறலின்றி இருந்தால் அங்கேதான் நடுவர் கேட்க வேண்டும்: "குண்டு எந்தப் பக்கம் பாய்ந்தது?" நடுவருக்குக் குறையாகத் தெரிவது சரித்திரத்துக்கு நிறை.

உலகில் இதற்கு இரண்டு பெரிய உதாரணங்கள் உண்டு. 1914 ஜூன் 28-இல் சரயேவோ நகரில் ஆஸ்திரிய இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட் சுடப்பட்டார். முதல் உலகப் போருக்குத் தீ வைத்த சம்பவம் அது. அவர் ஏறிவந்த கிராஃப் உண்ட் ஷ்டிஃப்ட் கார் வியன்னா இராணுவ அருங்காட்சியகத்தில் குண்டுத் துளையோடு நிற்கிறது. காலம் அந்தக் காருக்கு அன்றோடு நின்றுவிட்டது.

1963 நவம்பர் 22-இல் டல்லஸ் நகரில் அமெரிக்க அதிபர் கென்னடி சுடப்பட்ட லிங்கன் காரின் கதை வேறு. அதை அழிக்கவுமில்லை, அப்படியே பூட்டி வைக்கவுமில்லை. கவசத் தகடும் நிரந்தரக் கூரையும் புதுக் கண்ணாடியும் பொருத்தி மறுபடி ஓட விட்டார்கள். அடுத்து வந்த அதிபர்களும் அதில் ஏறினார்கள். 1977-இல்தான் ஓய்வு கொடுத்தார்கள். இப்போது மிச்சிகனில் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கென்னடி அமர்ந்திருந்தபோது அது கூரை திறந்த வண்டி. இன்று கூரை மூடிய வண்டி. அன்று விரிசல் கண்ட முன்கண்ணாடி தனியே தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அருங்காட்சியகம் அதைத் திரும்பவும் 1963 காலைபோல ஆக்க முயலவில்லை. கூரையைப் பிடுங்கி, பழைய தேதிக் கண்ணாடி தேடிப் பூட்டி, ‘அன்றிருந்தபடியே’ என்று பலகை வைத்திருந்தால் கூட்டம் இன்னும் கூடியிருக்கலாம். ஆனால் பதினான்கு வருடச் சரித்திரம் அழிந்திருக்கும்.

புதுப்பிக்கிறேன் என்று கிளம்புகிறவர்களால் பழம்பொருளுக்கு நேரும் பெரிய ஆபத்து இதுதான். அக்கறையோடுதான் செய்வார்கள். உலகம் முழுதும் தேடி, சரியான தேதி குத்திய டைனமோவையும் சரியான புள்ளி வைத்த கண்ணாடியையும் வாங்கி வருவார்கள். பூட்டி முடித்ததும் தொழிற்சாலையிலிருந்து நேற்று வந்ததுபோல் கார் மின்னும். ஆனால் அப்போது அது யாரும் ஏறாத, யாரும் சுடாத, யாரும் பழுது பார்க்காத கார் ஆகிவிடும்.

பழுது பார்த்தவர் என்றதும் இன்னொன்றையும் நினைக்க வேண்டும். இந்த நாட்டின் பழைய கார்களை இத்தனை காலம் ஓட வைத்தவர்கள் யார்? தொழிற்சாலைச் சாமானுக்குக் கப்பல் வரும்வரை காத்திராமல், கிடைத்ததைத் தட்டி நிமிர்த்தி, கடைந்து பொருத்தி, வண்டியைச் சாலையில் இறக்கியவர்கள் பட்டறைக்காரர்கள். தமிழரும் சீனரும் மலாய்க்காரருமாய்க் கறுத்த கைகள். கண்காட்சி நடுவரின் தாளில் அவர்கள் கைவேலை ‘அசல் அல்ல’ என்ற ஒரே வரியில் கழிக்கப்பட்டுவிடும். ஆனால் அந்தக் கைவேலை இல்லாவிட்டால் மதிப்பெண் போடுவதற்குக் காரே இருந்திருக்காதே!

திருமழபாடி காட்டிய வழி

அப்படியானால் பழசு எதையும் தொடக்கூடாதா? துருப்பிடித்து உதிரட்டும் என்று விட்டுவிடுவதா? அதற்கும் தமிழர் வரலாற்றிலேயே ஒரு விடை இருக்கிறது.

கொள்ளிடக் கரையில் திருமழபாடி சிவன் கோயில். அதன் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட முதலாம் இராசராச சோழன் காலத்தில் ஆணை பிறந்தது. சுவரில் பழைய கல்வெட்டுகள் இருந்தன. கல்லைப் பிரித்தால் எழுத்தும் போகும். என்ன செய்தார்கள்? எல்லாவற்றையும் முதலில் ஏட்டில் படியெடுத்துக்கொண்டார்கள். கட்டி முடித்தபின், இராசேந்திர சோழன் காலத்தில் புதிய சுவரில் திரும்பவும் வெட்டினார்கள். வெட்டியதோடு விடவில்லை. ‘பழைய கல்வெட்டைப் படியெடுத்து மீண்டும் பொறித்தோம்’ என்ற செய்தியையும் கல்லிலேயே எழுதி வைத்தார்கள்.

பழைய எண்ணைத் திரும்பப் பொறித்தவர்கள்தான் அவர்களும். ஆனால் அதை மோசடி என்று எவரும் சொல்வதில்லை. காரணம், செய்ததைச் சொன்னார்கள். எஞ்சின் எண்ணைத் தேய்த்துவிட்டுப் புதிதாகக் குத்துகிறவருக்கும் திருமழபாடிச் சிற்பிக்கும் இடையே உள்ள தூரம், அந்த ஒரு வாக்கியம்தான்.

பழைய காரை வைத்திருக்கும் எவரும் இதைப் பின்பற்றலாம். சாமான் மாற்றுமுன் படம் எடுத்து, அதிலுள்ள தேதியையும் எண்ணையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். கழற்றிய சாமானைப் பழைய இரும்புக்குப் போடாமல் பெயர் எழுதிக் கட்டி வையுங்கள். புதிதாகப் போட்டதற்கு அன்றைய தேதியை நேர்மையாகக் குறியுங்கள். காரை விற்கும்போது நோட்டையும் சேர்த்துக் கொடுங்கள். அருங்காட்சியகங்களும் காரின் பக்கத்தில் வைக்கும் பலகையில் இன்னும் நான்கு வரி கூட்டலாம். இந்தக் கண்ணாடி இந்த ஆண்டினது, இந்த விளக்கு பின்னால் வந்தது, இது மட்டும் தொழிற்சாலையிலிருந்தே இருப்பது என்று எழுதினால் மதிப்பு குறையாது. பார்க்கும் பிள்ளையின் நம்பிக்கைதான் கூடும்.

ஜார்ஜ்டவுன் நகரமே 2008 ஜூலை 7-இல் மலாக்காவோடு சேர்ந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அங்குள்ள பழைய கடைவீடுகளிலும் இதே கேள்விதான். எந்த ஓடு பழசு, எந்தக் கதவு புதுசு? நூறு வருடம் மக்கள் வாழ்ந்த வீட்டில் எல்லாம் பழசாக இருக்க முடியாது. எது எப்போது வந்தது என்று சொல்லத் தெரிந்தால் போதும், அது பாரம்பரியம்.

ஆகவே, கார் முன்னால் நின்று "இது அதே காரா?" என்று கேட்கும் பிள்ளைக்கு அவசரப்பட்டு ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல வேண்டாம். அதன் கையைப் பிடித்துக் கண்ணாடியின் மூலைக்கு அழைத்துப் போங்கள். குனிந்து அந்தச் சின்னப் புள்ளியைக் காட்டுங்கள். "இது எப்போது பிறந்தது என்று கணக்குப் போடு. கார் எப்போது பிறந்தது என்று கேள். இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று தேடு" என்று சொல்லுங்கள். கர்னி யார் என்ற கேள்விக்கும் அந்தத் தேடலிலேயே விடை கிடைத்துவிடும். அன்று மாலை கர்னி டிரைவில் நடக்கும்போது, அப்பாவுக்குக் கதை சொல்லப்போவது அந்தப் பிள்ளையாகத்தான் இருக்கும்.